கூடாரத்துக்கு அடியில் ஒரு சாக்கு

மணலில் போகிற வண்டிக்கு டயரில் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஐயா. மவுன் ஊரில் பதினெட்டு வருடமாக வண்டிகளைக் காட்டுக்குத் தயார் செய்கிறேன். கூரைமேல் மடிப்புக் கூடாரம், இரண்டாவது டீசல் தொட்டி, தண்ணீர்க் கேன், மண்வெட்டி எல்லாம் என் கையால்தான் ஏறும். நான் அனுப்பிய வண்டி ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. குறை சொல்ல ஒருவன் வரட்டும் பார்க்கலாம்.

மோத்திபி என் தங்கை ஒனாலென்னாவின் கணவன். சுற்றுலாக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. போன மழைக்காலத்தில் அவளை அறைந்தான். பல் ஒன்று போனது. நியாயம் கேட்கப் போனேன். அவளே வாசலை மறித்து நின்றாள்.

"எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும் அண்ணே. அவரு மன்னிப்புக் கேட்டுட்டாரு. நீ உன் வேலையப் பாரு."

தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்தவன் நான். அந்த அறையைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு வலித்தது. சரியென்று என் வேலையைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் காட்டு வேலி தாண்டி எவனும் ஆரஞ்சு கொண்டுபோக மாட்டான். யானைக்கு அந்த வாசனை எட்டினால் இரும்பென்றும் பாராது. வெளியூர்க்காரர்களின் பைகளைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். "இங்கயே தின்னு தீத்துட்டு வண்டி ஏறு. இல்லேன்னா ஆனை உன்னையும் சேத்து உரிச்சிரும்" என்று மோத்திபியே அவர்களைக் கேலி செய்வான்.

குவாய் ஆற்றுப்பக்கம் வழி பார்த்துவர நாலு நாள் தனியாகப் போவதாகச் சொன்னான். முந்தைய நாள் இருபது பழங்களைக் கீறி, சாக்கில் கட்டி, கூடாரத்துக்கும் கூரைக்கும் நடுவே செருகினேன். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவன் மூக்கு செத்துப் பல காலம். கூடாரத்தின் போல்ட்டுகளை இருமுறை முறுக்கிப் பார்த்தேன். வேலையில் நான் அப்படித்தான்.

காலையில் வண்டி எடுக்க வந்தான். கூடவே அவளும், போர்வையோடு.

"கல்யாணமாகி ஒரு தடவகூட இவரோட போனதில்ல அண்ணே" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கதவைத் திறந்தவள் நின்றுவிட்டாள். "ஆரஞ்சு வாசன வருதே?"

மோத்திபி சிரித்தான். "மசக்கைக்காரி மூக்கு மச்சான். நேத்துலருந்து எதத் தொட்டாலும் வாசனைங்கறா."

மசக்கை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னிடம் அவள் சொல்லவில்லை.

"காலைல நான் தின்னேம்மா. என் கைதான்" என்று நீட்டினேன். பிடித்து முகர்ந்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஏறினாள். வண்டி பின்னால் வர நான்தான் கைகாட்டி வழி சொன்னேன்.

மற்றதை நீங்களே பார்த்தீர்கள். தூங்கியவர்களோடு கூடாரத்தை யானை கூரையிலிருந்து பிய்த்து இழுத்திருக்கிறது. மோத்திபியின் விலாவில் தந்தம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அவளை மிதித்திருந்தது. வளையலை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தடுத்திருந்தால் அவள் அவனோடுதான் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள். மறுபடி அடி வாங்கியிருப்பாள். கூடப்பிறந்தவன், அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஐயா?