சேவல் மார்க் பம்பும் சன்னாசி அவர்களும்

சன்னாசி போன நாளிலிருந்து நான் குளிக்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மேற்கொண்டு நாக்குப் புரளும். மேடையேறுமுன் மதார் மைதீன் அவர்கள், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் என்னைப் பிடித்து நிறுத்தி, "கிராணியாரே, கொஞ்சம் பூசிக்கிடுங்கலா" என்று தம் அத்தர்ப் புட்டியை என் கோட்டின்மேல் கவிழ்த்தார். இப்போது என்மேல் இரண்டு வாசனைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருக்கின்றன. தலைவர் அவர்கள் நாற்காலியை மேடையின் அந்தக் கோடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆனால், பெரியோர்களே, அவர் மட்டும் குளித்தாரா? நீங்கள் குளித்தீர்களா? இந்தக் கொட்டகையில் கையைத் தூக்கி, 'நான் குளித்தேன்' என்று சொல்ல ஒருவர் உண்டா? இல்லை! ஒரு மனிதர் போனார். சுங்கை பெலிம்பிங் ரப்பர் தோட்டம் முழுவதும் நாறுகிறது! இதைவிட ஒரு மனிதருக்கு என்ன சிறப்பு வேண்டும்?

ஆகவே, குளிக்காத தலைவர், நம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் அவர்களே! ஊரடங்குச் சங்கு ஊதுமுன் லுக்குட் போய்ச் சேர வேண்டுமே என்று மோட்டார் சைக்கிள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக்கடை மதார் மைதீன் அவர்களே! பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும், பெயர் தெரியாத நண்பர் அவர்களே! மெதுவாகத்தான் பேசுவேன், ஐயா. கை வலித்தால் சொல்லுங்கள். முன்வரிசையில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருக்கும் சன்னாசியின் மனைவி பஞ்சாலை அம்மாள் அவர்களே! உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை. உங்கள் தலைக்குமேல் இருக்கும் பல்லியைப் பார்த்துப் பேசுகிறேன்.

யார் இந்தச் சன்னாசி? கம்பெனி அவரைப் பம்புக் கூலி என்றது. அவர் தம்மை நீச்சல் குளத்துச் சூப்பரிண்டன் என்று சொல்லிக்கொண்டார். மேட்டில் துரைமார் கிளப்பில் இருக்கிறதே ஒரு குளம், அதில் இலை அள்ளுவது, குளோரின் தூள் போடுவது, பம்பு ஓட்டுவது அவர் வேலை. அடக்கம் என்ற குணம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ரெம்பாவ் சந்தையில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும், "நான் யாரு தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்கு நீந்தத் தெரியாது. நான் ஒருநாள் கேட்டேன்: "ஏன்யா, குளத்துக்குச் சூப்பரிண்டன், நீச்சல் தெரியாதா?" அவர் சொன்னார்: "பாடை கட்டுறவன் ஏறிப் படுத்தா பாக்குறான்?"

அன்று சிரித்தேன். இன்று அந்தப் பேச்சை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

நம்மைச் சுற்றி முள்கம்பி போட்ட வருஷத்தை மறந்திருக்கமாட்டீர்கள். அவசரகாலம் என்றார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாம் சோறு கொடுத்துவிடுவோமாம். சிதறிக் கிடந்த நம் லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டினார்கள். நாம் கம்பிக்கு இந்தப் பக்கம், ஆறு கம்பிக்கு அந்தப் பக்கம். நினைத்த நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போன காலம் அன்றோடு சரி. ஆற்றங்கரையில் ஒரு பம்பு, லயத்துக்குள் ஒரு தொட்டி. அது ஓடினால்தான் நமக்கு உலையும் உண்டு, குளியலும் உண்டு. அதே சமயம் மேட்டுக் குளத்துப் பழைய பம்பும் துருப்பிடித்துப் போய்விட்டது. ஒரே லாரியில் இரண்டு பம்பு வந்து இறங்கின. ஒன்றின் நெற்றியில் ஆமை படம், இன்னொன்றின் நெற்றியில் சேவல் படம். எது குளத்துக்கு, எது ஆற்றுக்கு?

துரைமார் ஈர உடம்போடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு பம்பு, பம்புக்கு நடுவில் சன்னாசி. மொழிபெயர்க்க நான்.

"கிராணியாரே, துரைகிட்டச் சொல்லுங்க. இந்த ஆமை இருக்கே, இது சம்பந்தி மாதிரி. உள்ள என்ன வெச்சிருக்குன்னு கடைசிவரைக்கும் தெரியாது. தெறக்குறதுக்குன்னே தனிச் சாவி, அது சிங்கப்பூர் ஏஜண்டுகிட்ட இருக்கு. வாஷர் போச்சுன்னா லண்டன்லேருந்து கப்பல்ல வரணும். ரப்பர்க் காட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு ரப்பர் வாஷருக்குக் கப்பலப் பாக்குறதா? கேளுங்க!"

நான் மொழிபெயர்த்தேன்: "ஐயா, இரண்டும் நல்ல பம்பு என்கிறான்." நான் அப்படிப்பட்டவன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் என் முதுகெலும்பு தானாகவே மடங்கிக்கொள்ளும்.

பெரிய துரை என்னை நம்பவில்லை. "என்னா சொல்லுது அவன்? பம்பு தொறந்து காட்டு!" என்றார்.

காட்டினார் ஐயா, காட்டினார்! ஒரே ஒரு ஸ்பேனர். நாலே நட்டு. சேவலின் வயிற்றைத் திறந்தார். பழைய வாஷரைத் தூக்கி எறிந்தார். பஞ்சாலை அம்மாளின் பால்வெட்டும் கத்தியைத் தம் இடுப்பிலிருந்து உருவி, நம் புகைக்கூடத்து ரப்பர் ஷீட்டில் வட்டமாக ஒரு துண்டு அறுத்தார், வைத்தார், மூடினார். வாயில் பற்றவைத்த சுருட்டு பாதிகூட எரியவில்லை. சேவல் தடதடவென்று கூவிற்று! துரைமாரே கை தட்டினார்கள். துரைசாணி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "எத்தனை நாளைக்கு ஒருதரம் இதைத் திறக்க வேண்டிவரும்?" என்று கேட்டார்.

சன்னாசி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "எத்தன தரம் வேணும்னாலும் தெறக்கலாம்!"

அடடா, என்ன பதில்! பெரிய துரை விழுந்து விழுந்து சிரித்தார். "சத்தமில்லாதது குளத்துக்கு. உனக்குப் பிடிச்சது நீ லயத்துக்கு எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

நமக்கு வெற்றி! அந்தச் சேவலை லாரியில் மடிமேல் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல் சன்னாசி இறங்கி வந்தது ஞாபகமிருக்கிறதா? பம்புக்குச் சந்தனம் பூசினோம், மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம். தலைமையாசிரியர் அதற்கு வாழ்த்துப்பா ஒன்று பாடினார். பம்பு தாங்கிக்கொண்டது.

அதன்பிறகு அந்தச் சேவல் எத்தனை தடவை நின்றது! எத்தனை தடவை சன்னாசி ஓடினார்! மழைக்காலத்தில் வாரம் தவறாமல் நிற்கும். "சேவல் படுத்திருச்சு" என்று குழாயடியில் குரல் கேட்கும். அடுத்த நிமிஷம் சன்னாசி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவார். சுருட்டு முடியுமுன் தண்ணீர் வரும். சபையோரே, இத்தனை தடவை வெற்றிகரமாகப் பழுதுபார்க்கப்பட்ட பம்பு நெகிரி செம்பிலானில் வேறு உண்டா? மலாயாவில் உண்டா?

அதோடு விட்டாரா? "நான் ஒருநாள் செத்துப்போனா, நீங்க எல்லாரும் ஊத்தையாக் கெடக்கக்கூடாது" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மை வரிசையாக நிறுத்தி, மேட்டுக் குளத்துப் பழைய பம்பின் கூட்டைக் கொண்டுவந்து வைத்துத் திறந்து மூடப் பழக்கினார். கங்காணி திறந்தார். வேலை வாங்கும் மண்டோர் திறந்தார். நான் திறந்தேன், விரலை உள்ளே விட்டு மூடினேன். தலைமையாசிரியர் மூடி முடித்தபோது கையில் ஒரு நட்டு மிஞ்சிற்று. அது இன்றும் அவர் மேஜைமேல், காகிதம் பறக்காமல் காவலிருக்கிறது. பஞ்சாலை அம்மாள் மட்டும் புருஷனைவிடச் சீக்கிரமாக முடித்தார். "பொம்பளைக்கு இது பாதி சுருட்டு வேலை" என்று சன்னாசியே ஒத்துக்கொண்டார். அவர் வாயால் இன்னொருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். வராமல் முடியாது.

சேவல் படுத்துவிட்டது. தொட்டியில் அடிமண்டிதான். சன்னாசி கிளம்பினார். கேட்டில் நான்தான் பாஸ் நீட்டினேன். "நேரமாச்சே, காலையில் பார்த்துக்கலாமே" என்றேன். "பிள்ளைங்க ரப்பர்ப் பால் நாத்தத்தோட படுக்குமா, கிராணியாரே? அரைச் சுருட்டு வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தடதடவென்று சத்தம். குழாய் இருமிற்று. தண்ணீர்! நம் லயத்து முத்தாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், எல்லாரும் ஓடினோம். சிரிப்பும் சண்டையுமாகப் பிடித்தோம். குடம் நிறைந்தது; வாளி நிறைந்தது; தொட்டி நிறைந்தது.

தொட்டி வழிந்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. பிள்ளைகள் வழிகிற தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்டன. முத்தாயிதான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, அவரு வழிய விடமாட்டாரே?" என்றார். ஆம்! ஒரு சொட்டு வழிந்தாலும் லயத்துக்கே வசவு விழும். அன்று ஓடையாக வழிந்தது. தண்ணீரில் நின்றுகொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்தப் பம்பு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாஷர் கருகும்வரை ஓடி, அது தானாக நின்றது. சேவல் போட்ட சத்தத்தில் வெடிச்சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

விடிந்ததும் போலீஸ் லாரி அவரைக் கொண்டுவந்து இறக்கிற்று. யார் சுட்டது? காட்டிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள் போலீஸார். காட்டிலிருப்பவர்களோ... சரி, வேண்டாம். ஊரடங்குச் சங்குக்கு முன்னாலா, பின்னாலா? இதிலும் இரண்டு கருத்து இருக்கிறதாம். கடைசி பெஞ்சு நண்பர் எந்தக் கருத்தை எழுதினாலும் எனக்குச் சம்மதம். சன்னாசி திரும்பி வரப்போவதில்லை.

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டுமே! ஆற்றுக்குப் போக அனுமதி இல்லை. முந்தின நாள் பிடித்த தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும், அவர் உயிரைக் குடித்த தண்ணீர் என்று சொல்லிப் பெண்கள் லாரியைக் கண்டதுமே கொட்டிவிட்டார்கள். நான் மேட்டுக்குப் போய்ப் பெரிய துரை முன்னால் நின்றேன். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றினார், "சாவுக்கு மட்டும் எடுத்துக்கோ" என்றார். நம் பெண்கள் தலையில் குடத்தோடு, குலவையும் அழுகையுமாக, நீச்சல் குளத்துக்கு நீர்மாலை எடுக்கப் போனார்கள். நீலமாகக் கிடந்தது குளம். முத்தாயி கரையில் நின்று, "இம்புட்டுத் தண்ணியா, ஆயா!" என்று வாயைப் பிளந்தார். அழ மறந்துபோய் எல்லாரும் நின்றார்கள்.

அந்தத் தண்ணீரை ஊற்றியபோது லயம் முழுக்கக் குளோரின் நெடி. யாரோ முகத்தைச் சுளித்தார்கள். பஞ்சாலை அம்மாள் சொன்னார்: "ஊத்துங்க. அவரு வாசமே அதுதான்."

இப்போது போலீஸ் லாரி நாளுக்கு ஒருதரம் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவருகிறது. வீட்டுக்கு ஒரு வாளி. சாவுக்குக் கொடுத்த குளத்துத் தண்ணீரை வாழ்வதற்கும் கொடுங்கள் என்று துரையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

உலகத்திலேயே சுலபமாகப் பழுதுபார்க்கக்கூடிய பம்பு ஆற்றங்கரையில் செத்துக் கிடக்கிறது. அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கொட்டகை நிறைய உட்கார்ந்திருக்கிறோம். ஒரு ஸ்பேனர், நாலு நட்டு. யார் போனோம்? கங்காணிக்கு இடுப்பு வலி. மண்டோருக்கு மாமியார் வீட்டு விசேஷம். எனக்கு? எனக்கு வெறும் பயம். ஆற்றுக்குப் போகிற பாதையை நினைத்தாலே, இருக்கிற ஒரு வாளித் தண்ணீரும் போதும் என்று தோன்றிவிடுகிறது.

இன்று காலை பஞ்சாலை அம்மாள் ஆபீஸுக்கு வந்தார். "ஐயா, கேட்டு பாஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் போய்த் தெறக்குறேன்."

"நீயாம்மா? ஆம்பளைங்க நாங்க இத்தனை பேர் இருக்கும்போதா?"

"இருக்கீங்கல்ல? சாயங்காலம் கூட்டம் வேற இருக்காமே. பேசி முடிச்சிட்டு வாங்க. குளிக்கத் தண்ணி இருக்கும்."

கூட்டத்துக்கு நீங்களும் வரவேண்டும் என்று கெஞ்சி, பாஸை நாளைக் காலைக்குப் போட்டேன். அதில் இரண்டு பேர் என்று எழுதினேன். இரண்டாவது பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அந்த அம்மாளோடு யார் போகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். வெட்கப்படாமல் தூக்குங்கள்.

கடைசி பெஞ்சு நண்பர் தூக்கியிருக்கிறார். இல்லை, காதைச் சொறிகிறார்.

சரி. இதோ, உங்கள் கண்முன்னால் எழுதுகிறேன். இரண்டாவது பெயர்: மணியம், இரண்டாம் கிராணி. கையெழுத்து கோணலாக இருக்கிறது, கேட்டில் படித்துக்கொள்வார்கள். பஞ்சாலை அம்மாள் முன்னே போவார். பின்னே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். திரும்பி வந்தால் குளிப்பேன். வராவிட்டால் குளிப்பாட்டுவீர்கள், நீர்மாலைக்கு இடம் உங்களுக்குத் தெரியும். சன்னாசி அவர்களே! நீங்கள் தேர்ந்தெடுத்த சேவலை நாங்கள் கைவிடமாட்டோம். அது எத்தனை தடவை நின்றாலும் அத்தனை தடவையும் திறப்போம். உங்கள் சுருட்டின்மேல் ஆணை!

சங்கு ஊதும் நேரமாகிவிட்டது. உட்காருமுன் ஒரு சிறு தகவல், மறந்துவிடுவேன். மேட்டுக் குளத்தில் இருக்கும் அந்த ஆமை மார்க் பம்பு, வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நின்றதில்லை. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் போடாத பம்பு, இங்கே கேட்காது.