லைட்டைப் போடாதீக

ராத்திரி இரண்டு மணி. விஸ்வநத்தம் தாண்டி உள்ளே போகும் கண்மாய்க்கரை ரோடு... ஈ காக்கை கிடையாது.

ஏலே முனியராஜ், நல்லாக் கேள். கரண்ட் வருகிறவரை என் ஒர்க்‌ஷாப்பில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம். வயர் சூடாகாமல் காக்கிற ரிலே வேண்டாம், என் வண்டியில் லைட்டை அப்படியே மாட்டிக் கொடு என்று காலையிலிருந்து என் உயிரை எடுக்கிறாயே, உனக்காகத்தான் சொல்கிறேன்.

என் கூட்டாளி ஜெயபாண்டியின் மச்சான் சங்கிலிமுத்து. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். தீபாவளி சீசன். கண்ணில் தூக்கமே இல்லை. பின்னால் பட்டாசு லோடு. இறக்கிவிட்டுக் கட்டையைச் சாய்த்தால் போதும் அவனுக்கு.

கண் சொக்குகிறதே என்று கேபின் மேல் இரண்டு பெரிய லைட்டை அவனே மாட்டியிருந்தான். ரிலே இல்லை. மெல்லிசு வயர்... பட்டாசுப் பெட்டிகளை உரசிக்கொண்டு மேலே போகிறது. வழியில் ஃபியூஸ் போனது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் செருகினான், பாவிப்பயல். லைட் எரிந்தது. ரோடு பகலாகிவிட்டது.

போன வருஷம் வெடித்த ஒரு பட்டாசுக் கம்பெனி வந்தது. சுவர்தான் மிச்சம். நாலு பொம்பளைகள் வெந்து செத்த இடம். அதைத் தாண்டும்போது வண்டி பின்பக்கம் ஒரு அமுங்கு அமுங்கியது. ரப்பர் கருகும் வாசனை வேறு. இறங்கிப் பார்க்க உடம்பில் தெம்பு இல்லை. ஓட்டினான்.

டிக்.

இரண்டு லைட்டும் அணைந்தன. லோடு மேலிருந்து ஒரு பொம்பளைக் குரல். கோபமே இல்லை... அலுத்துப்போன குரல்.

"அண்ணே... அந்த லைட்டைப் போடாதீக. இன்னொரு தரம் வேக எங்களால முடியாதுண்ணே."

வண்டியை நிறுத்தினான். இறங்கினான். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால்... செருகிய வெள்ளித்தாளைக் காணோம். வயர் மேலே வரை உருகி, ஒரு பெட்டியின் அட்டை கருகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் எரிந்திருந்தால் லோடும் இல்லை, அவனும் இல்லை.

ஹெட்லைட்டை மட்டும் வைத்து உருட்டிக்கொண்டே குடோனுக்கு வந்து சேர்ந்தான். லோடு இறக்குகிற ஆள் தார்ப்பாயை அவிழ்த்தான்.

"ஏலே சங்கிலி, லோடு மேல ஆள் ஏத்திட்டு வந்தியாலே?"

மேல் வரிசைப் பெட்டிகள் நாலு இடத்தில் பள்ளமாக அமுங்கியிருந்தன. பக்கத்தில் பக்கத்தில்... நாலு பேர் ஒருக்களித்துத் தூங்கின மாதிரி. ஓரத்துப் பள்ளத்தில் அந்த வெள்ளித்தாள், ஒழுங்காக மடித்து.

சங்கிலிமுத்து அந்தப் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தான். படுத்த சூடு இன்னும் ஆறவில்லை.