போன தடம் எங்கே

— நில்லு சில்கே! மணல்ல கால வெக்காத, தடம் அழிஞ்சிரும்.

— எங்கப்பாவக் காணோம்ங்கறேன், நீங்க வனவிலங்குக் காப்பகத்துக் காட்டுப்பூனைத் தடத்தப் பிடிச்சுட்டு நிக்கறீங்களே, ஹோல்கர்!

— பூனை இல்லம்மா. குனிஞ்சு பாரு. உங்கப்பா செருப்புதானே?

— ஐயோ, ஆமா! வீட்டுச் செருப்பு. இந்தப் பனியில, எண்பத்தோரு வயசுல! நல்லவேளை, தடம் ஊரைப் பாத்து இருக்கு. திரும்பிட்டாரு. எல்லாரும் அங்கதான் தேடறாங்க, வாங்க.

— இரு. வந்த தடம் இருக்கு. போன தடம் எங்க?

— என்ன சொல்றீங்க?

— பூனைத் தடம் விழறதுக்காக நேத்து சாயங்காலம்தான் இந்த மணலைப் பரம்படிச்சு சமமாக்கினேன். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வரிசைதான். முன்பாதம் ஆழமா இறங்கியிருக்கு, குதிகால் பட்டும் படாம இருக்கு. மனுசன் பின்பக்கமா நடந்து மேற்க போயிருக்காரு.

— மேற்க சதுப்பு ஆச்சே! காலையில என் பேரே தெரியல அவருக்கு. பின்பக்கமா நடக்க யாரு சொல்லிக் குடுத்தா?

— ஓடு, பேசிட்டே ஓடு. தப்பிச்சுப் போறவங்க அப்படித்தான் நடப்பாங்க. கிழக்கு ஜெர்மனி இருந்தப்ப இதுதான் எல்லை, மேற்க தப்பிக்கறவங்க தடத்துக்காக இதே மணலைப் பரம்படிச்ச காவல்காரன் நான். பத்தொம்பது வயசு, தோள்ல துப்பாக்கி.

— எங்கப்பா உங்க எல்லை வேலிப் பக்கமே வந்ததில்ல. என்னைப் பெரியம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு வருஷம் சுரங்க வேலைக்குப் போனாரு, அவ்வளவுதான். மத்தபடி ஊரை விட்டு அசையாத ஆளு.

— எந்த வருஷம்?

— எண்பத்தாறு. எனக்கு ஒரு வயசு. ஏன் நின்னுட்டீங்க? கும்பிடறேன், வாங்க!

— எண்பத்தாறுல ஒருத்தர் இப்படித்தான் பின்பக்கமா நடந்தாரு. கூட இருந்தவனெல்லாம் ஏமாந்தான், நான் ஏமாறல. விசில் ஊதினேன். தூரத்துல, இருட்டுல மூஞ்சிகூட சரியாத் தெரியல, மார்ல எதையோ அணைச்சிருந்தாரு. அவரை ரெண்டு வருஷம் உள்ள போட்டாங்க, எனக்கு ஒரு வாரம் லீவு குடுத்தாங்க.

— ஹோல்கர்…

— அப்புறம் திட்டு. அதோ, நாணல் அசையுது பாரு!

— அப்பா! இடுப்பளவு தண்ணியில நிக்கறாரே! மார்ல என்ன அது, சோபாத் தலையணையா? அதை விட்டுருங்கப்பா! ஹோல்கர் கைய நீட்டறாரு, பிடிச்சுக்கங்க!

— கத்தாதம்மா. தம்பி, சுட்டுராதீங்க. கையத் தூக்க முடியல, சில்கே தூங்கறா.