கேட்டாள் துறை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம கீழமுனைக் கோயிலு ஓலைக் கூரையா இருந்த நாள்ல, சலேத்தம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். மீன்பிடிக்கிற எஸ்தாக்கியோட பெஞ்சாதி. ஆம்பளைக்குச் சமமா நீந்துவாளாம்.

அந்த வருசம் வாடைக்காத்து விடவே இல்ல. கட்டுமரம் எறங்கல. அடுப்பு எரியல. பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு மட்டுந்தானாம்.

ஒருநாள் விடியக்காலம், கொழும்புக்குப் போன பாய்த்தோணி ஒண்ணு நம்ம பாறையில மோதிப் பொளந்துபோச்சு. வந்தது பாருங்க சரக்கு! அரிசி மூட்டை அலையில உருண்டு வருது. சீலைக் கட்டு மெதந்து வருது. ஊரே ஓடுச்சாம்.

சலேத்தம்மாளும் ஓடுனா. பசி யாரை விட்டுச்சு? மூட்டை ஒண்ணைப் பிடிச்சுப்புட்டா. அப்பத்தான் அலைக்கு நடுவுல யாரோ பெத்தவளைக் கூப்புடுற சத்தம்.

"உம்மா..."

கைய எடுத்தாளாம். மூட்டை திரும்ப உள்ள போச்சு.

"ஏட்டி, மூட்டைய விட்டுட்டியே!"ன்னு எஸ்தாக்கி கத்துறான்.

"ஆளு கெடக்கு!"ன்னு சொல்லிக்கிட்டே பாஞ்சுட்டாளாம்.

ஒருத்தனை இழுத்துப் போட்டா. திரும்பப் போனா. இன்னொருத்தனை இழுத்தா. திரும்பவும் போனா. பாறைச் சிப்பி கிழிச்சு ஒடம்பெல்லாம் ரத்தம். எஸ்தாக்கி பாத்தான். தோள்ல இருந்த சீலைக் கட்டைக் கீழ போட்டுட்டுக் குதிச்சான். அவன் பின்னால ஊரே குதிச்சுதாம்.

எல்லாரும் பொழைச்சாங்க, ஒருத்தன் தவிர. அவனை மூடத் துணி இல்ல. கரையெல்லாம் புதுச்சீலை கெடக்கு! சலேத்தம்மா அதைத் தொடல. தோணிய ஓட்டிவந்த தண்டல் மீரான்கிட்ட போயி நின்னாளாம்.

"அண்ணாச்சி, உங்க ஆளை மூட உங்க கட்டுல ஒரு துணி எடுக்கட்டுமா? அரிசியும் நனைஞ்சுபோச்சு. கெட்டுப்போறதுக்குள்ள எல்லாருக்கும் பொங்கட்டுமா?"

தண்டல் அவளையே பாத்தாராம்.

"எத்தனையோ கரையில ஒதுங்கியிருக்கேன் தாயி. எல்லாக் கரையும் எடுத்துச்சு. கேட்ட கரை இதுதான்."

சொல்லிட்டுக் கொழந்தையாட்டம் அழுதாராம்.

அதைக் கேட்டதும், வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. பொங்குன சோறு மொதல்ல தோணிக்காரங்களுக்கு. மிச்சச் சரக்கை மணல்ல அடுக்கி ஓலை போட்டு மூடினாங்க. வேற தோணி வந்து ஏத்துற வரைக்கும் ஒரு கை படலையாம்.

அதான் அந்த எடத்துக்குக் கேட்டாள் துறைன்னு பேரு. இன்னைக்கும் நம்ம கரையில ஒத்தப் பலகை ஒதுங்குனாக்கூட, தொடுறதுக்கு முன்ன கடலப் பாத்து, "ஆளு இருக்கா?"ன்னு கூப்புடுறோம்.

போன ஐப்பசியில மெயின் ரோட்டுல எண்ணெய் லாரி கவுந்துச்சே, சுத்துப்பட்டெல்லாம் கொடத்தோட ஓடுச்சு. நம்ம சனம் மட்டும் நேரா முன்பக்கம் போயி, நசுங்கின கதவைத் தட்டிச்சு.

"உள்ள ஆளு இருக்கா?"

இருந்தாரு. உசுரோட இருந்தாரு.