லிஃப்ட் கடிதத்தின் பதினொரு பிரதிகள்

வக்கீல் ஐயா, உங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி என்றதும் படியேறியே வந்துவிட்டேன். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை, பார்த்தீர்களா? மூன்று மாதப் பழக்கம். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இதைவிடச் சுலபமான உடற்பயிற்சி கிடையாது. நீங்களும் செய்து பாருங்கள், தொப்பை தானாக இறங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் பத்து நாளாக உள்ளே இருக்கிறார். லிஃப்டில் கோளாறு என்று தெரிந்தும் மேலிடத்துக்கு எழுதாமல் விட்டார், அதனால் மூன்று உயிர் போயிற்று என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. என் வாக்குமூலம் கையெழுத்தோடு அதற்குள் போய்ச் சேர்ந்தால் நாளைக்கே வீட்டுக்குப் போய்விடுவார், போகாவிட்டால் அடுத்த விசாரணைக்கு ஒரு மாதம் ஆகும் என்றீர்கள். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் வளவளவென்று இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எழுதினார். ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை எழுதினார். பதினொன்றும் என் மேசை டிராயரில்தான் இருந்தன.

அந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் நான் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். தத்தித் தத்திப் பேசுகிறவர்களுக்கு இல்லை. ஓரளவு கரைகண்டவர்களுக்கு. சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, ஒன்பது பேர். ஒரு பக்கம் கொடுப்பேன், அதில் பிழைகள் ஒளிந்திருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுத்துத் திருத்த வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. பிழையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை, பிழை செய்வதுதான் வித்தை. உட்கார்ந்து யோசித்து வைக்கிற பிழையில் உயிர் இருக்காது. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், கீழே காது டாக்டரின் வரவேற்பு மேசையில் வேலை. அவளுக்குக் கழுகுக்கண் என்று நான்தான் பெயர் வைத்தேன். நான் ராவும் பகலும் மண்டையை உடைத்துத் தயாரித்த தாளை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு நாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, "சார், இதெல்லாம் நீங்களா பண்ண தப்பு. மனுஷங்க இப்படித் தப்பு பண்ண மாட்டாங்க" என்று சிரித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். போதாக்குறைக்கு ஒரு பதிப்பகம் பிழைதிருத்தப் பயிற்சிப் புத்தகம் கேட்டிருந்தது. பன்னிரண்டு பாடம். என்னிடம் உருப்படியாக ஒன்றுகூட இல்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிறவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எண்ணெய்க் கறை போகாத விரல். கதவைப் பாதி திறந்து, "சார், ஒரு லெட்டர் எழுதணும். தப்பில்லாம" என்றார். அவருடைய கம்பெனியின் தலைமை அலுவலகம் வெளிநாட்டில் இருக்கிறது, ஆங்கிலம் தவிர வேறு எதுவும் அங்கே எடுபடாது. லிஃப்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, வேகம் மிஞ்சினால் கவ்விப் பிடிக்க வேண்டிய பிடியும் துருவேறிப் போயிருக்கிறது. லிஃப்டை நிறுத்திவைக்கத் தலைமை அலுவலகம் உத்தரவு போட வேண்டும். அண்ணனே ஒரு தரம் நிறுத்திப் பார்த்தாராம். கட்டட மேலாளர் கன்னாபின்னாவென்று திட்டி அரை மணி நேரத்தில் ஓடவிட்டுவிட்டார்.

ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்துக் கிளை அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இதை மேலே அனுப்பினால் கிளையின் மானம் கப்பலேறிவிடும் என்று சொல்லி, காபி இயந்திரத்துக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்துவிட்டார்கள். ஒரு மாதம் அது அங்கேயே தொங்கியதாம். அதைச் சொல்லும்போது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்தத் தடவை ஒரு புள்ளிகூடத் தப்பாப் போகாது. நேரா தலைமை அலுவலகத்துக்கே அனுப்பலாம். நான் பொறுப்பு" என்றேன்.

முதல் பிரதி இரண்டு பக்கம். முப்பத்தொரு பிழை. ஒவ்வொன்றும் அசல், தோட்டத்தில் அப்போதுதான் பறித்த காய் மாதிரி. கட்டடத்தின் பெயர், மாடி எண், அண்ணன் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வகுப்பில் கொடுத்தேன். அடுத்தவர் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் இல்லையா? அன்றைக்கு வகுப்பு நடந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் கைபேசியைத் தொடவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர் எப்போதும் கொட்டாவி விடுகிறவர், அவரே நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நல்லா இருக்கு சார். அடுத்து என்ன ஆச்சு?" என்றார். கழுகுக்கண் இருபது நிமிஷம் தலை தூக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அண்ணனிடம் பிழைகளைச் சுட்டிக்காட்டி, முழுவதையும் புதிதாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவரும் எழுதி வந்தார். பழைய பிழைகள் போய்ப் புதிய பிழைகள் வந்திருந்தன. அதையும் வகுப்பில் கொடுத்தேன். இப்படி வாரம் ஒரு பிரதி. ஒவ்வொரு முறையும் தோளில் தட்டி, "இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணே" என்பேன். அவரும் தலையாட்டிவிட்டு, பிழைகளை ஒரு தாளில் குறித்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், பிரதி என் டிராயரில் தங்கிவிடும். ஒரு கடிதம் படிப்படியாகத் திருந்துவதைப் பன்னிரண்டு பாடமாகக் காட்டினால் எப்படி இருக்கும் என்று பதிப்பகத்தாரிடம் கேட்டேன். துள்ளிக் குதித்தார்கள்.

நானே திருத்தி ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். கொடுத்திருக்கலாம், பதினைந்து நிமிஷ வேலை. ஆனால் அப்படிக் கொடுத்தால் அண்ணன் என்ன கற்றுக்கொள்வார்? நான் ஆசிரியன், கடிதம் எழுதிக் கொடுக்கிற ஆள் இல்லை.

நான் படியேற ஆரம்பித்தது முதல் பிரதியைப் படித்த மறுவாரம். ஏழு மாடி ஏறுவது முதலில் நாக்குத் தள்ளியது, பிறகு பழகிவிட்டது. கழுகுக்கண் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வாங்க சார், இடம் இருக்கு" என்று கூப்பிடுவாள். மூட்டுக்கு நல்லதும்மா என்று சொல்லிவிட்டுப் படிப்பக்கம் திரும்புவேன். "சாருக்கு இளமை திரும்புது" என்று மருந்துக்கடைக்காரர் கிண்டல் செய்வார். நல்ல மனிதர்கள்.

நாலாவது பிரதியோ ஐந்தாவதோ, கழுகுக்கண் கையைத் தூக்கினாள். "சார், இந்த லிஃப்ட் எந்த பில்டிங்ல இருக்கு?" என்றாள். பயிற்சிக்கு அது தேவையில்லை, தப்பை மட்டும் பாருங்கள் என்றேன். அவள் குனிந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

ஏழாவது பிரதியில் சிக்கல் வந்தது. அதில் பிழையே இல்லை. தலைகீழாக நின்று பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. அண்ணன் அதை என் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இப்பவே அனுப்பிடவா? பிரேக் போன வாரத்தைவிட ரொம்பத் தேஞ்சிருக்கு. மனசு கேக்கல" என்றார்.

எனக்கு இன்னும் ஐந்து பாடம் வேண்டியிருந்தது. மூன்று வாக்கியங்களைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். தப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வட்டம்தான் போட்டேன். அவர் தயங்கியபோது, "அண்ணே, முதல் லெட்டர் எங்க தொங்குச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம், சரியாக இருந்த மூன்று வாக்கியங்களையும் தப்பாக மாற்றி எழுதி வந்தார். அவ்வளவு இயல்பான பிழைகளை நான் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் எழுத முடியாது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அப்படிக் கிடைத்தவைதான்.

பதினோராவது பிரதி மறுபடி சுத்தமாக வந்தது. அண்ணனுக்கு நிஜமாகவே ஆங்கிலம் வந்துவிட்டது, அதில் எனக்குப் பெருமை உண்டு. அதில் ஒரே ஒரு வட்டம் போட்டேன். வகுப்பிலும் கொடுத்து, ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். பன்னிரண்டு மணி வரைக்கும் யாருக்கும் அகப்படவில்லை. எல்லோரும் எழுந்தபிறகும் கழுகுக்கண் தாளை விடவில்லை. "சார், இதுல தப்பே இல்ல" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. நான், "நல்லாப் பாரும்மா" என்றேன்.

பார்த்துக்கொண்டேதான் போனாள். மருந்துக்கடைக்காரர் லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளே நுழைந்தாள். நான் படிப்பக்கம் திரும்பினேன். ஐந்தாவது மாடியில் பல் டாக்டரிடம் வந்த ஒரு அம்மா ஏறியிருக்கிறார். நான் நாலாவது மாடித் திருப்பத்தில் இருந்தபோது சத்தம் கேட்டது. கைப்பிடி அதிர்ந்தது.

அதன்பிறகு ஒரு வாரம், பதினொரு பிரதிகளும் இருந்த கோப்பை நான் யாரிடமும் காட்டவில்லை. ஒளித்துவைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிரதிகளை வரிசைப்படுத்தி, ஓரக் குறிப்புகளை ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தேன். அரைகுறையாக ஒன்றைக் கொடுப்பது என் சுபாவம் இல்லை. எட்டாவது நாள் அண்ணி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, அவர் எழுதுன பேப்பர் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு? எங்க வீட்டு மேசையில ராத்திரி ராத்திரியா எழுதினாரே, நான் பாத்தேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. உடனே கோப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேர் சாவுக்கும் அண்ணன் சிறையில் இருப்பதற்கும் காரணம் நான்தான் என்று எழுத வேண்டும் என்றால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று, அந்தக் கடிதத்தில் என்னைத் தாண்டி ஒரு பிழைகூடப் போகவில்லை.

அட, அதற்குள் டைப்பிஸ்ட் அடித்துக் கொண்டுவந்துவிட்டாரா? நல்ல வேகம். கொடுங்கள், ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இங்கே ஒரு வார்த்தை இரண்டு தடவை விழுந்திருக்கிறது. நாலாம் பக்கத்தில் வரி கோணலாக இருக்கிறது. பக்கத்தில் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்கிறீர்கள். செல்லும், ஐயா, எனக்கும் தெரியும். ஆனால் இது நாலு பேர் படிக்கப்போகிற காகிதம். அடித்தல் திருத்தலோடு என் பெயர் அதில் இருப்பதா? டைப்பிஸ்ட் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டுமா? கிளம்பட்டும், பாவம். நாளைக்கு மதியம் சாவகாசமாக அடித்துக் கொடுக்கட்டும், நான் படியேறி வந்து போட்டுவிட்டுப் போகிறேன்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பெஞ்சில் இருக்கிற அண்ணியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் அவருக்குக் கோபம் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று சொன்னால் புரிந்துகொள்வார்.