பழைய எஞ்சினுக்கும் மெய்விலை எழுதிய பெருந்தகைக்கு

கோமுகி பாயும் கள்ளக்குறிச்சி மண் ஈன்ற குணக்குன்றே! கல்வராயன் மலையெனக் கலங்காத நெஞ்சுரமே! எங்கள் ஜப்பார் பழைய எஞ்சின் ஏற்றுமதி நிலையத்தின் கண்ணும் கருத்துமாய் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் மேலாளர், மாண்புமிகு கண்ணாயிரம் அவர்களே! தங்கள் தோழமைக்குரிய தொழிலாளர்களின் தலைதாழ்ந்த வணக்கம்!

மின்சார மோட்டார் வந்தபின் கிணற்றடிகளில் துருவேறிக் கிடந்த ஆயில் எஞ்சின்களை ரிஷிவந்தியத்திலும் திருக்கோவிலூரிலும் தேடி வாங்கி, பிரித்துக் கழுவிப் பழுது நீக்கி, ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேற்றும் தொழில் நம்முடையது. கடல் தாண்டும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்தாரிடம் காட்டும் மதிப்பை எழுதியது தங்கள் திருக்கரம். அந்தக் கரம் ஒருமுறையேனும் வளைந்ததில்லை என்பதே எங்கள் பெருமை!

ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்படி கேட்டுக்கொண்டவரே நம் முதலாளி அப்துல் ஜப்பார் அவர்கள்தாம்.

நம் சரக்கில் பெரும்பகுதியை வாங்கிவந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவர், இனிமேல் பில்லில் பாதி விலையை மட்டும் எழுதுங்கள், மீதியைத் தனியே கொடுத்துவிடுகிறேன் என்றார். மதிப்பு குறைந்தால் அவர் தம் நாட்டில் கட்டும் இறக்குமதி வரியும் குறையும். முதலாளி இசைந்துவிட்டார். தாங்கள் பேனாவைத் தொடவே இல்லை.

“இன்னா கண்ணாயிரம், பழைய இரும்புதானே? இதுக்கு இன்னா வெலன்னு எவன் வந்து பாக்கப் போறான்?” என்று முதலாளி சத்தம் போட்டார்.

“வாங்கறவரு குடுக்கறதுதாங்க வெல, முதலாளி. பொருளு பழசுன்றதுக்காக பொய் எழுதிட முடியுமாங்க? அவரு ஊர்ல ரோடு போட, பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய வரிங்க அது. அத நாம எடுத்து அவரு கையில குடுக்கறது ஞாயமில்லீங்க” என்றீர்கள் தாங்கள்.

முதலாளியும் தங்களை மீறி வேறொருவரை எழுதச் சொல்லவில்லை; அந்த வியாபாரி வேறிடம் போய்விட்டார். கொட்டகையில் எஞ்சின்கள் குவிந்தன, பட்டறையில் வேலை குறைந்தது, கூலி பாதியானது. தலைமை மெக்கானிக் வேடியப்பன் ஒரு நாள் தங்கள் மேசைமுன் வந்து நின்றார்.

“சார், நீங்க நல்லவருதாங்க. ஆனா வூட்ல புள்ளைங்க பசியோட தூங்குதுங்க. கொஞ்சம் கம்மியா எழுதினா இன்னாங்க ஆயிடும்?”

தங்கள் கண்கள் கலங்கியதை அன்று பட்டறையே பார்த்தது. “நீ கேக்கறதுல தப்பில்ல வேடியப்பா. இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கோ. சரக்கு வாங்க வேற ஆளு கெடைக்கலன்னா நான் வேலைய வுட்டுட்டுப் போயிடறேன். எழுதறவரு வந்து எழுதட்டும்” என்றீர்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. சென்னைக்குப் பேருந்தேறி, துறைமுகத்தருகே ஏற்றுமதி அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கி, வாங்குவோரைத் தேடினீர்கள். எங்கும் முதலில் கேட்கப்பட்டது, எவ்வளவு குறைத்து எழுதுவீர்கள் என்பதுதான். செருப்பு தேய்ந்தது, சிந்தை தேயவில்லை!

அம்மாதம் முடியும் தறுவாயில் தான்சானியா நாட்டு உழவர் சங்கத்தைச் சேர்ந்த நீமா என்னும் அம்மையார், சென்னையில் தாங்கள் கொடுத்துவந்த முகவரியைக் கேட்டறிந்து நம் கொட்டகைக்கு வந்தார். வேடியப்பன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அம்மையாரோ எஞ்சினைவிடத் தங்களையே உற்றுப் பார்த்து, காகிதத்தில் என்ன விலை எழுதுவீர்கள் என்று கேட்டார். நீங்கள் தரும் விலையைத்தான் என்றீர்கள். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியில் அமர்ந்து தம் கதையைச் சொன்னார். முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில் வாங்கிய எஞ்சின்களுக்கு விற்றவர் விலையைக் குறைத்து எழுதிவிட்டார். துறைமுகத்தில் ஐயம் எழுந்து சரக்கை நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிந்து எஞ்சின்கள் கைக்கு வருவதற்குள் அவர்கள் வயலில் சோளம் கருகிவிட்டது.

தாங்கள் எழுதிய மெய்விலையோடு போன நம் முதல் சரக்கு, தடையின்றி அவர் ஊர் சேர்ந்து தண்ணீர் இறைத்தது. அடுத்தடுத்துச் சங்கங்கள் நம்மைத் தேடி வந்தன. பட்டறைக்கு முழுக்கூலி திரும்பியது. வேடியப்பன் தங்கள் கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பின்னொரு நாள், பில்லைக் காட்டி வங்கியில் கூடுதல் கடன் வாங்க விலையைக் கூட்டி எழுதித் தரும்படி ஒருவர் கேட்டபோதும், “ஜாஸ்தியா எழுதினாலும் பொய்தாங்க” என்று சிரித்தபடியே அனுப்பிவைத்தீர்கள். குறைக்கவும் கூட்டவும் இசையாத கோமானே! தங்களோடு பணியாற்றினோம் என்று சொல்லும்போதே எங்கள் தோள்கள் நிமிர்கின்றன!

சென்ற வாரம் முதலாளி தங்களை அழைத்து, “இன்னும் ரெண்டு வருசம் இருங்க கண்ணாயிரம். உங்க வயச யாரு கேக்கப் போறாங்க?” என்றார். அதற்குத் தாங்கள் சொன்ன விடை இப்போது ஊரெங்கும் உலவுகிறது: “அறுபதுன்னா அறுபதுதாங்க முதலாளி. அதயும் கொறச்சி எழுதச் சொல்றீங்களா?” முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அருமைத் துணைவியார் ராணியம்மாள் அவர்களோடு, நோயறியா உடலும் நிறைவான மனமும் பெற்று, மலையடிவாரத்துத் தங்கள் விளைநிலத்தில் மழையும் மகசூலும் பொய்க்காமல், பல்லாண்டு தாங்கள் இனிது வாழ வேண்டும். எங்கள் அன்பின் அளவை இம்மடலில் எழுத முயன்றோம். இதில் ஏதும் கூட்டி எழுதவில்லை, குறைந்துபோயிருந்தால் பொறுத்தருள்க!

தங்கள் அன்பில் நனைந்த
பட்டறை, அலுவலகத் தொழிலாளர்கள்
ஜப்பார் பழைய எஞ்சின் ஏற்றுமதி நிலையம்
கள்ளக்குறிச்சி