மெஹிட்டபெல் பெக் இறைத்துக் கொடுத்த மார்ச் மாத பீர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் ஹாலோவெல் அவர்களே, வயதாலும் வாழ்வாலும் உயர்ந்த பெரியோர்களே, பிள்ளைகளைப் பின்வரிசையில் அடக்கிவைத்துப் பெருமூச்சு விடும் தாய்மார்களே, என் பேச்சு முடிந்தால்தான் பீப்பாய் திறக்கும் என்பதால் பொறுமை காக்கும் நண்பர்களே, வணக்கம்.

நாம் கூடியிருக்கும் இந்த பீர் ஆலையின் வரலாறு வாளால் எழுதப்பட்டதா? இல்லை. வாளியால் எழுதப்பட்டது.

இங்கிலாந்து மன்னர் நம்மை ஆண்ட காலம். மாசச்சூசெட்ஸ் மண்ணில் மழை மறந்த கோடை. கிணறு வறண்டது, ஓடை ஒடுங்கியது, ஊரார் உதடு வெடித்தது. கணவனை இழந்த மெஹிட்டபெல் பெக், மார்ச் மாதமே காய்ச்சிய பீரை இந்த ஆலையின் நிலவறையில் நிரப்பி வைத்திருந்தாள். அதுதான் அவளுடைய ஓராண்டுப் பிழைப்பு.

போதகர் எல்நாதன் குரோவ் பிரசங்கத்தில் முழங்கினார்: “ஊர்த் தண்ணியை எல்லாம் பீராக்கிப் பூட்டி வச்சிருக்கா. அந்த ஆலையை மூடணும்.” ஊர் தலையாட்டியது. திங்கட்கிழமை மூடுவது என்று முடிவாயிற்று.

ஞாயிறு நண்பகல் காய்ந்த புல்வெளியில் பிடித்த தீ, தேவாலயக் கூரையில் தாவியது. போதகர் ஓடினார். எங்கே ஓடினார்? ஓடைக்கா? ஓடையில் என்ன இருந்தது? ஆலைக்கு ஓடினார்.

“பெக் அம்மா, தேவாலயம் எரியுது.”

“தெரியுது போதகரே. புகை என் ஜன்னல் வழியாத்தான் வருது.”

“தண்ணி இல்ல.”

“நான்தான் எல்லாத்தையும் பீராக்கிட்டேனே.”

போதகர் தலைகுனிந்தார். “அதையாவது குடு தாயே.”

அவள் ஒரு கணம் நிலவறைக் கதவைப் பார்த்தாள். “கீழ இருக்கு. தூக்க ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க.”

கையிலிருந்து கைக்கு வாளி போனது. சில வாளிகள் வழியில் வாய்க்கும் போயின என்பார்கள், நான் மறுக்கவில்லை. தீ அணைந்தது. முதல் பனி விழும்வரை தேவாலயத்தில் பீர் வாடை. அந்நாளில் சபைக்கு வராதவர் எவருமில்லை.

பீர் மிச்சம் இருந்ததா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். அதுதான் ஐயா, துயரம். காற்று திரும்பியது. பொறி பறந்து ஆலைக் கூரையில் விழுந்தது. அணைக்க ஒரு குவளைகூட இல்லை. சுவர் சரிந்தபோது அவள் தெருவில் நின்று அழுதாள். கலங்காத பெண் என்று இந்த மேடையில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் போதகர் வந்தார். அவள் சொன்னாள்: “திங்கட்கிழமை மூடணும்னீங்க. வேலை மிச்சம்.”

அந்த வாரமே போதகர் ஓட்டி வந்த எருதுகள் கருவாலி மர உத்தரங்களை இழுத்து வந்து அவள் வாசலில் போட்டன.

“இது தேவாலயக் கோபுரத்துக்குக் காயவச்ச மரம்ல?”

“ஆமா.”

“அப்ப கோபுரம்?”

“கோபுரம் இருந்தாத்தான் ஜெபம் கேக்கும்னு வேதத்துல எங்கயும் இல்லம்மா.”

வெளியூரார் வரும்போதெல்லாம் கேட்கிறார்கள், உங்கள் தேவாலயம் ஏன் மொட்டையாக நிற்கிறது என்று. பெருமக்களே, சற்றே அண்ணாந்து இந்த ஆலைக் கூரையின் உத்தரங்களைப் பாருங்கள். அந்தக் கோபுரத்தின் கீழேதான் நாம் அமர்ந்திருக்கிறோம்.

செவி தந்த அனைவருக்கும் நன்றி. தாகத்தோடு காத்திருந்தவர்களுக்கு இருமடங்கு நன்றி. வணக்கம்.